மஞ்சள் தண்ணீர் சொன்ன சாட்சி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் மாரியம்மன் கோயில் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. ஈப்போவிலிருந்து வந்திருந்தார்கள், கோப்பெங்கிலிருந்து வந்திருந்தார்கள், தைப்பிங்கிலிருந்து மழையோடு மழையாகக் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தீமிதிக்குக்கூட இந்தக் கூட்டம் கூடியதில்லை. அம்மனைப் பார்க்க வருகிறவர்களைவிட அம்மன் சங்கிலியைத் திருடியவனைப் பார்க்க வருகிறவர்கள் அதிகம். பக்தியில் இதுவும் ஒரு வகை போல. கூடாரத்துக்கு அடியில் மூன்று பேர் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

நுழைவாயிலில் பெரிய பேனர். "உலகின் முதல் ஆன்மிகத் தடயவியல் நிபுணர் டாக்டர் ஜலநேத்ர சுவாமிகள்! தண்ணீர் பொய் சொல்லாது!" படத்தில் சுவாமிகள் ஒரு கையில் கமண்டலமும் மறு கையில் பூதக்கண்ணாடியுமாக நின்றார். காவி வேட்டிக்கு மேலே வெள்ளை லேப் கோட், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். திருடனைப் பிடிக்க ஸ்டெதஸ்கோப் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டாக்டர் என்றால் அது இருக்கத்தானே வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

முன் வரிசையில் நல்ல இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள் நவமணி. ஐம்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் இங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். தோட்டம் போய், லயத்து வீடுகள் போய், தாமான் குடியிருப்பு வந்தபிறகு கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். பதினெட்டு வருஷமாக அங்கே சோதனைப் பிரிவு. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எது ஒழுகுகிறது என்று பார்க்கிற வேலை. ஒரு ஊசி முனை ஓட்டைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

அந்தக் கண்ணை அவள் தொழிற்சாலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவாள் என்பதுதான் வேடிக்கை. சுவாமிகளின் வீடியோக்களை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பியது அவள்தான். அவரைக் கூப்பிடலாம் என்று கோயில் கூட்டத்தில் முதலில் கை தூக்கியதும் அவள்தான்.

காணாமல் போனது அம்மன் கழுத்துச் சங்கிலி. ஐந்து பவுன். நகை அலமாரிக்குப் பாதுகாப்புக்காக ஒரு பூட்டு போட்டிருந்தார்கள், கௌரவத்துக்காக எட்டுச் சாவி செய்திருந்தார்கள். தலைவருக்கு ஒன்று என்றதும் செயலாளருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று என்றதும் பொருளாளருக்கு ஒன்று. கோயிலைக் கூட்டிப் பாத்திரம் விளக்குகிற நவமணிக்கு ஒன்று, பூக்கட்டுகிற கலாதேவிக்கு ஒன்று. பக்கத்துத் தெரு பூனைக்கு மட்டும்தான் இன்னும் கொடுக்கவில்லை.

கேமரா இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறதே! போன வருஷம் பிடாங் பிடாங் என்று மேளம் அடித்துத் திறப்பு விழா நடத்தி வைத்த கேமரா. புதுப் பொருளாயிற்றே, கண்பட்டுவிடுமே என்று அதற்கு ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். கட்டிய இடம் கண்ணாடிக்கு நேர் முன்னால். எட்டு மாதமாக அந்தக் கேமரா மிளகாய் காய்வதை இரவு பகலாகப் பதிவு செய்திருக்கிறது. கோயிலுக்கு எதிரே சிக்கந்தர் சாப்பாட்டுக் கடையில் பணப்பெட்டியைத் தூக்கினவனை இரண்டே நாளில் பிடித்தார்கள். அவர் கேமராவுக்கு யாரும் திருஷ்டி கழிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சங்கிலி காணோம் என்று தெரிந்ததும் நம் ஆட்கள் செய்த முதல் காரியம் இன்னும் பிரமாதம். திருடன் கை பட்ட இடம் தீட்டு என்று அலமாரியைப் பாலால் கழுவினார்கள், பன்னீரால் கழுவினார்கள், பூட்டைத் துடைத்துத் திருநீறு பூசினார்கள். எந்தத் திருடனுடைய கைரேகைக்கும் இப்படி ஓர் அபிஷேகம் நடந்திருக்காது.

"மா, போலீஸ் பாலாய்ல போய் ரிப்போர்ட் போடச் சொல்லுங்க," என்றாள் நவமணியின் மகள் புனிதா.

"கோயில் விசயத்த போலீசுக்குக் கொண்டு போவாங்களாடி? வாயக் கழுவு மொதல்ல," என்று நவமணி அதட்டினாள்.

செயலாளர் அர்ச்சுனனும் அதையே சொன்னான். "போலீஸ் பூட்ஸ் காலோட உள்ள வந்தா கோயில் மானம் என்னாவறது? சாமிகிட்ட விடுங்க, நான் பேசிட்டேன்." அவனே சுவாமிகளோடு போனில் பேசி, தேதி வாங்கி, தட்சிணை பேசி, பேனரும் அடித்துவிட்டான். நல்ல சுறுசுறுப்பான பிள்ளை என்று ஊரே மெச்சியது.

சுவாமிகள் வந்தார். மழையில் கோட்டு நனையாமல் நாலு பேர் குடை பிடித்தார்கள். வந்த கையோடு ஆளுக்கொரு படிவம் கொடுக்கச் சொன்னார். 'ஆன்மிகப் புலன்விசாரணைப் படிவம்.' பெயர், நட்சத்திரம், கடைசியாக ஒரு கேள்வி: உங்கள் மனதில் சந்தேகப்படும் நபர் யார்?

"மனசுல இருக்கறத எழுதுங்க. எண்ண அலைகள தண்ணியில ஏத்தணும். இது குவாண்டம்," என்றார் சுவாமிகள்.

குவாண்டம் என்றதும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எழுபது எண்பது பேர் குனிந்து எழுதினார்கள். நவமணியும் எழுதினாள். கலாதேவி பெயரை எழுதினாள். கலாதேவி திருடினாளா என்பது அவளுக்குத் தெரியாது. போன ஆடி வெள்ளிக்கு மல்லிகைச் சரத்தில் ஒரு முழம் குறைத்துக் கட்டிவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்தாளே, அந்தக் கோபம்தான். படிவங்களை வாங்கிக்கொண்டு சுவாமிகள் 'தியானம்' செய்ய அறைக்குள் போனார். தியானம் இருபது நிமிஷம் நடந்தது. உள்ளேயிருந்து காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த இருபது நிமிஷத்தில் வெளியே 'திருட்டுத் தடுப்பு எந்திரத் தகடு' விற்றார்கள். வாசலில் மாட்டினால் திருடனுக்குக் கண் தெரியாதாம். அறுபது ரிங்கிட். தகட்டின் பெருமையைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்த சீடன், மேசையில் இருந்த சில்லறைப் பெட்டியை மட்டும் பெரிய சீனப் பூட்டுப் போட்டுப் பூட்டி வைத்திருந்தான்.

தியானம் முடிந்தது. மேசையில் வரிசையாகத் தெளிவான பிளாஸ்டிக் கப்புகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் தண்ணீர். "இது வெறும் தண்ணி இல்ல, நீதி ஜலம். கையில திருநீறு வாங்கி, சத்தியம் பண்ணி, உள்ள கைய விடணும். சுத்தமான கை பட்டா ஜலம் மஞ்சளாவே இருக்கும். திருடின கை பட்டா ரத்தமாயிரும்!"

சாவி வைத்திருக்கிற எட்டுப் பேரில் தலைவர் ராமையாவுக்கு மட்டும் சோதனை கிடையாது. சங்கிலி போன வாரம் முழுக்க அவர் தமிழ்நாட்டில், பழனியில் இருந்தார். சாவியும் அவர் மடியில்தான் இருந்தது. இன்னும் முடி முளைக்காத மொட்டைத் தலையோடு நாற்காலியில் அமர்ந்திருந்தார். மீதி ஏழு பேர் வரிசையில் நின்றார்கள்.

முதலில் பொருளாளர். சுவாமிகள் கோட்டுப் பையிலிருந்து திருநீறு எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கை உள்ளே போனது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அடுத்து அர்ச்சுனன். ஒரு கையில் போனைப் பிடித்து லைவ் போட்டுக்கொண்டே மறு கையை விட்டான். மஞ்சள். கலாதேவிக்கும் மஞ்சள். "அட, இவ இல்லையா?" என்று நவமணிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆறு பேருக்கும் மஞ்சள்.

கடைசி ஆள் நவமணி. கண்ணை மூடி, "தாயே" என்று கையை விட்டாள். உள்ளங்கை லேசாகக் காந்தியது. கூட்டத்தில் யாரோ "அய்யோ!" என்றார்கள். கண்ணைத் திறந்தாள்.

கப்பு முழுக்கச் சிவப்பு.

"ரத்தம்! ரத்தம்! பாத்தீங்களா ஜலம் பேசுறத!" சுவாமிகள் கப்பைத் தூக்கிக் காட்டினார். நூறு போன்கள் மேலே எழுந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "நான் அப்பவே சொன்னேன்லா!" என்றது. அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை, கச்சான் தின்றுகொண்டிருந்தார்.

நவமணிக்குக் காது அடைத்தது. இருபது வருஷமாக இந்தக் கோயில் விளக்கைத் துலக்குகிறவள். திரும்பிப் பார்த்தாள். புனிதா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் சம்பந்தியம்மா காளியம்மா. மூன்று வாரத்துக்கு முன்புதான் காளியம்மா மகனுக்கும் புனிதாவுக்கும் நிச்சயமானது. ஆவணியில் இதே கோயில் மண்டபத்தில் கல்யாணம். கமுந்திங்கிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த காளியம்மா, வாயில் வெற்றிலையோடு, புனிதாவை விட்டு இரண்டு எட்டு தள்ளிப்போய் நின்றாள். அந்த இரண்டு எட்டை நவமணி பார்த்தாள். தான் திருடி என்று பேர் எடுத்தால்கூடப் பரவாயில்லை, பெண் வாழ்க்கை போய்விடுமே!

"அக்கா, சாவியக் கொடுத்துடுங்க. சங்கிலிய எங்க வச்சிருக்கீங்கன்னு மரியாதையா சொல்லிடுங்க. எல்லாரும் லைவ்ல பாக்கறாங்க," என்றான் அர்ச்சுனன். போனை அவள் முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தான்.

சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு கணம் நவமணிக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. தூக்கத்தில் நடந்து வந்து எடுத்திருப்போமோ? தண்ணீர் பொய் சொல்லாதே! பதினாலு வீடியோ பார்த்தவளாயிற்றே.

அப்புறம்தான், நல்லவேளையாக, பதினெட்டு வருஷத்து வேலை அவளுக்குக் கை கொடுத்தது. தொழிற்சாலையில் சில நாள் திடீரென்று எல்லாக் கையுறையும் ஓட்டை என்று இயந்திரம் சொல்லும். புதுசாக வந்தவர்கள் கையுறையைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். நவமணி போடமாட்டாள். நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கையுறையை முதலில் மாட்டிப் பார்ப்பாள். அதையும் ஓட்டை என்று சொன்னால் கோளாறு கையுறையில் இல்லை.

இந்தக் கூட்டத்தில் நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த கை எது? நான் திருடவில்லை என்று எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. ஊருக்கே தெரிந்த ஒரு கை வேண்டும்.

அவள் கண்ணுக்கு இன்னொன்றும் இப்போது உறைத்தது. அந்த லேப் கோட்டுக்கு இரண்டு பை. ஆறு பேருக்கும் சாமி கை வலது பைக்குப் போனது. அவளுக்கு மட்டும் இடது பைக்குப் போனது. உள்ளங்கையைப் பார்த்தாள். பாதி கரைந்து பாதி ஒட்டி, வெள்ளையாகப் பிசுபிசுத்தது. இன்னும் காந்திக்கொண்டிருந்தது.

"தலைவரே, கை கொடுங்க," என்றாள்.

ராமையா இருபத்தைந்து வருஷம் தலைவராக இருப்பவர். யாராவது கை நீட்டினால் அவர் கை தானாக நீளும். நீண்டது. நவமணி அவர் கையை இறுக்கிப் பிடித்து நன்றாகக் குலுக்கினாள். குலுக்கிய அவர் கையை மட்டும் அப்படியே இழுத்துப் புதுக் கப்புக்குள் விட்டாள்.

கப்பு சிவந்தது.

ராமையா தன் கையைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார். "அலாமா! நான் பழனியில இருந்தேன்லா! மொட்டை போட்டிருக்கேன், பாருங்க!" என்று தலையைத் தடவிக் காட்டினார்.

சுவாமிகள் கொஞ்சமும் அசரவில்லை. "இந்த ஜென்மம் இல்ல. பூர்வ ஜென்மத்துல தலைவர் திருடியிருக்கார். ஜலம் அதையும் காட்டும்."

"எந்த ஜென்மத்துலய்யா? நேத்து ராத்திரியே என் வீட்டுக்கு வந்து ரெண்டு வேளை சாப்பிட்டுட்டு என்னையே திருடன்றியா?" ராமையா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தட்சிணை கொடுத்தவருக்குத் திருடன் பட்டம் கிடைத்தால் யாருக்குத்தான் பகுத்தறிவு பிறக்காது?

"விடுங்க தலைவரே. சாமி, இப்ப நீங்க கை கொடுங்க," என்றாள் நவமணி.

சுவாமிகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கொடுங்க சாமி, தண்ணி பொய் சொல்லாதே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சற்று முன்பு 'அப்பவே சொன்னேன்' என்றவரேதான். சாமி கொடுக்கவில்லை. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நவமணி நேராகக் காளியம்மாவிடம் போனாள். "சம்பந்தி, உங்க வெத்தலப் பைய எடுங்க. அந்தச் சுண்ணாம்பு டப்பாவக் கொஞ்சம் கொடுங்க."

காளியம்மா ஒன்றும் புரியாமல் கொடுத்தாள். நவமணி நகக்கண்ணில் துளி சுண்ணாம்பு எடுத்தாள். யாரும் தொடாத ஒரு கப்பில் போட்டு விரலால் கலக்கினாள். மஞ்சள், செம்மஞ்சளாகி, குங்குமமாகி, ரத்தமாகி நின்றது.

கப்பைப் பெண்கள் பக்கம் தூக்கிக் காட்டினாள். "இது என்னாங்க?"

கலாதேவிதான் மெல்லச் சொன்னாள். "ஆரத்தி."

"நல்லா சத்தமா சொல்லு!"

"ஆரத்திக்கா!"

"மூணு வாரம் முன்னாடி எம்பொண்ணு நிச்சயத்துல நான்தானே கரைச்சேன்? சம்பந்தி, அதே தட்டுலதானே காசு போட்டீங்க? கல்யாணத்துக்குக் கரைக்கிறோம், புள்ள பொறந்தா கரைக்கிறோம், புதுக் காருக்குக்கூடக் கரைக்கிறோம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும்னு இங்க தெரியாத பொம்பள ஒருத்தி உண்டா? நம்ம அடுப்படியில செஞ்சா ஆரத்தி, வெள்ளக் கோட்டு போட்டவன் செஞ்சா குவாண்டமா? நானும்தான் வாயப் பொளந்து பாத்தேன், எனக்கே வெக்கமா இருக்கு."

அதற்குள் ராமையா சாமியின் கோட்டைப் பிடித்துவிட்டார். வலது பையைக் கவிழ்த்தார்கள், திருநீறு கொட்டியது. இடது பையைக் கவிழ்த்தார்கள், சுண்ணாம்புத் தூள் கொட்டியது. காளியம்மா தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "நயம் சரக்கு" என்று சான்றிதழ் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, இரண்டு எட்டு நடந்து வந்து புனிதா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

தியான அறைக்குள் படிவங்கள் கிடந்தன. மேலே ஒரு துண்டுத் தாளில் சாமி கணக்குப் போட்டு வைத்திருந்தார். யார் பெயரை எத்தனை பேர் எழுதினார்கள் என்று கோடு கோடாக. நவமணி, முப்பத்தொன்று. அதைச் சுற்றி ஒரு வட்டம். அவ்வளவுதான் ஞானதிருஷ்டி. ஊர் எந்தப் பெயரைச் சொன்னதோ அதையே தண்ணீரில் முக்கி ஊருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

முப்பத்தொரு பேர்! அவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு நவமணி பாத்திரம் கழுவியிருக்கிறாள். படிவங்களைப் புரட்டியவள் தன் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றாள். பக்கத்தில் கலாதேவி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைக்க இடமில்லை.

"கலா, நான் உன் பேர எழுதிட்டேன்டி. மல்லிப்பூ கோவத்துல. மன்னிச்சுக்க."

"பரவால்லக்கா," என்றாள் கலாதேவி. "நான் உங்க பேர எழுதினேன்."

வெளியே அர்ச்சுனன் லைவை நிறுத்திவிட்டு ஆட்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். "சாமியார அனுப்பிச்சிடலாம். ஆனா போலீசு கீலீசுன்னு யாரும் போவாதீங்க. கோயில் மானம் முக்கியம்."

"எம் மானம் போனப்ப நீ லைவ் போட்டியே தம்பி," என்றாள் நவமணி. "வா புனிதா, பாலாய்க்குப் போலாம்."

போனார்கள். கணபதி ஹோமமும் இல்லை, நல்ல நேரமும் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மந்திரம் எதுவும் சொல்லாமல் மூன்று காரியம் செய்தார். சங்கிலி போட்ட அம்மன் படம் ஒன்று வாங்கினார். சாவி வைத்திருந்த எட்டுப் பேர் பெயரை எழுதிக்கொண்டார். அந்தப் படத்தைச் சுற்று வட்டார அடகுக் கடைகளுக்கெல்லாம் அனுப்பினார். அலமாரியில் கைரேகை எடுக்கலாமா என்றும் கேட்டார். பாலாபிஷேகக் கதையைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் தைப்பிங்கில் ஓர் அடகுக் கடையில் சங்கிலி கிடைத்தது. ஐசி அடையாள அட்டை காட்டாமல் அங்கே குண்டுமணிகூட வைக்க முடியாது. ஐசி நகலில் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தான் செயலாளர் அர்ச்சுனன். போலீஸ் வேண்டாம் என்று அவன் ஏன் அவ்வளவு துடித்தான் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது. சுவாமிகளையும் பிடித்தார்கள். அவர் ஐசியில் பெயர் மகேந்திரன். டாக்டர் பட்டத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் குழாய்த் தண்ணீரை நிறம் மாற்றிக் காட்டி ஃபில்டர் விற்றவராம். தொழிலை மாற்றவில்லை, சட்டையைத்தான் மாற்றியிருக்கிறார்.

முப்பத்தொரு பேரில் ஒருத்தர்கூட வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. எல்லாரும், "உங்க மேல எங்களுக்குச் சந்தேகமே இல்லக்கா" என்றார்கள். நவமணி சிரித்துக்கொண்டாள். கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது.

ஒரு மாதம் கழிந்திருக்கும். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவளுக்குக் காளியம்மாவிடமிருந்து போன்.

"சம்பந்தி, உங்க மாப்பிள்ளையோட மோதிரம் காணோம். நிச்சயத்துக்கு நீங்க போட்டது."

"அடடா, எங்க வச்சாராம்?"

"அது தெரியல. உங்க கை பட்டாத்தான் திருடன் வெளிய வருவான்னு கமுந்திங் பூரா பேசிக்கிறாங்க. அம்மன் உங்க கையில எறங்கிட்டாளாம்லா. ஒரு எட்டு வந்து கைய வச்சுப் பாருங்களேன். மஞ்சத்தண்ணி கரைச்சு வச்சிட்டேன்."

நவமணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "சம்பந்தி, அன்னிக்குச் சுண்ணாம்பு கொடுத்ததே நீங்கதானே?"

"ஆமா, அதான் சுண்ணாம்பும் எடுத்து வச்சிருக்கேன்."

"கட்டிலுக்கு அடியில தேடினீங்களா?"

"இன்னும் தேடல."

"போய் மொதல்ல அங்க தேடுங்க. அம்மன் கழுத்துல கெடந்தது போச்சு, அடகுக் கடையில தேடி மீட்டுட்டோம். நாம கழுத்துக்கு மேல இருக்கறதக் கொண்டுபோய் அடகு வச்சிட்டா, எந்தப் போலீசு வந்து மீட்டுத் தரும் சம்பந்தி?"